‘லேசான ஷாக்’ என்று விட்டுவிடாதீர்கள்

“மெஷினைத் தொட்டா சுர்ருனு இழுக்குதுண்ணே” என்று புதிதாகச் சேர்ந்த பையன் சொன்னால், “செருப்பைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாருப்பா” என்று சொல்லிவிடுகிறோம். சாயப்பட்டறை, ஃபவுண்டரி, லேத் பட்டறை என எங்கும் இதே கதைதான். மின்சாரம் இயந்திரத்தின் உடம்பில் கசிகிறது, எர்த் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்பதே அந்த இழுப்புக்குப் பெரும்பாலும் பொருள். உயிர்ப்பலிக்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை அது.

ஈரம் செய்யும் வேலை

உடலுக்குள் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதைப் பொறுத்ததுதான் ஆபத்து. கை உலர்ந்திருக்கிறது, காலில் ரப்பர் செருப்பும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 50,000 ஓம் தடை தருவதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் சுமார் 5 மில்லி ஆம்பியர் பாயும். சுர்ரென்று இழுத்து விட்டுவிடும்.

அதே ஆள், அதே இயந்திரம். கையெல்லாம் வியர்வை, வெறுங்கால், தரையில் சாயத் தண்ணீர். தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கினால் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விரல் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் முடங்கும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் சில நொடிகள் பாய்ந்தால் இதயம் தாளம் தவறித் துடித்து, ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் நின்றுவிடலாம். நேற்று சுர்ரென்று விட்ட இயந்திரம், இன்று தரை நனைந்ததும் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

தீக்குச்சி சொருகிய பிளக்

பெடஸ்டல் ஃபேன், கை கிரைண்டர், வெல்டிங் செட் ஆகியவற்றின் ஒயர்களைப் பாருங்கள். பிளக் உடைந்திருக்கும், இரண்டு ஒயர்களை மட்டும் சாக்கெட்டில் விட்டு, கழன்றுவிடாமல் தீக்குச்சி சொருகியிருப்பார்கள். மூன்றாவதான பச்சை ஒயர் வெட்டப்பட்டோ சுருட்டப்பட்டோ கிடக்கும். உயிர் காக்கும் எர்த் ஒயர் அதுதான். நடுவழியில் டேப் சுற்றிய ஜாயின்ட், தள்ளுவண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய கேபிள், மூடி இல்லாத பேனல் போர்டு ஆகியவையும் இதே வகை ஆபத்துகளே.

“எம்சிபி இருக்கிறதே, டிரிப் ஆகிவிடும்” என்று நம்பியிருக்கக் கூடாது. 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியர். 230 மில்லி ஆம்பியரை அது கண்டுகொள்ளாது. மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் செய்யவே கூடாது. கசிவு எங்கே என்று தேடுங்கள்.

பழுது பார்க்கும்போது

மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையும் தொங்க வேண்டும். ஷிப்ட் மாறி வந்தவர் தெரியாமல் சுவிட்சைப் போடுவது இதனால் தடுக்கப்படும். அணைத்த பிறகும், மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் உறுதிசெய்த பின்பே கை வைக்க வேண்டும். டிரைவ் பேனல்களில் கெப்பாசிட்டர்கள் சில நிமிடங்கள் வரை மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பேனலில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை காத்திருங்கள்.

ஷாக் அடித்துவிட்டால்

அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு, உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடலாம். உயர் அழுத்த மின்சாரம் என்றால் துண்டிக்கும்வரை நெருங்கவே கூடாது. 108-ஐ அழையுங்கள். பேச்சு மூச்சில்லாமல் இருந்தால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள், உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்லை” என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இசிஜி எடுக்க வேண்டும். தோலில் சிறு கருகல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம். சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாளை முதல்

இழுக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்த இயந்திரத்தை அந்த நிமிடமே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்துச் சரியென்று எழுதிக் கொடுத்த பிறகே மறுபடி ஓட வேண்டும். உற்பத்தி நின்றதற்காகச் சொன்னவரைத் திட்டினால், அடுத்தவர் வாயே திறக்க மாட்டார்.