பெயரில் நாதஸ்வரம்... விரல்களில் பியானோ! லிடியனின் வேகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

நாதஸ்வரம் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பனந்தாளில் இருந்து கொஞ்ச தூரம் போனால் திருவாவடுதுறை, ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண். பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாத்தியத்தின் பெயரைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, பியானோவில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம்.

முன்பாதியிலும் இசைதான். 'லிடியன்' என்பது மேற்கத்திய இசையில் ஒரு ஸ்வர வரிசை. நம் கல்யாணி ராகத்துக்கும் அதே ஏழு ஸ்வரங்கள்தான். இப்படிப் பெயர் வைத்த அப்பா வர்ஷன் சதீஷ், இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷினி, புல்லாங்குழல் கலைஞர்.

நொடிக்கு 21 ஸ்வரம்!

2019 மார்ச். அமெரிக்காவின் சி.பி.எஸ் தொலைக்காட்சியில் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' இறுதிச்சுற்று. தென்கொரியாவின் டேக்வாண்டோ குழுவை முந்தி, 10 லட்சம் டாலர் பரிசை வென்றபோது லிடியனுக்கு வயது 13.

அந்தப் போட்டியில் அவர் வாசித்தது, ரஷ்ய இசைமேதை ரிம்ஸ்கி கோர்சகோவின் 'வண்டின் பறத்தல்'. நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் ஒருமுறை, பிறகு 325 தட்டு வேகத்தில் இன்னொரு முறை. ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்று கணக்குப் போட்டால், நொடிக்கு 21 ஸ்வரங்களுக்கு மேல்!

மெதுவாகத்தான் தொடங்கணும்

இரண்டு வயதில் டிரம்ஸில் ஆரம்பித்த லிடியன், பிறகு பியானோவுக்கு வந்தார். ஏ.ஆர்.ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியில் சுரோஜித் சாட்டர்ஜியிடம் பாடம்.

பியானோ பயிற்சியில் வேகம் கடைசியில்தான் வரும். முதலில் வலது கை தனியாக, இடது கை தனியாக. பிறகு இரண்டும் சேர்ந்து, மிக மெதுவாக. தவறில்லாமல் வந்தால்தான் மெட்ரோனோமில் நாலைந்து தட்டு கூட்டுவார்கள். நாதஸ்வரம் கற்கிறவர் சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று சாதகம் பண்ணுவதும் இதே வழிதான்.

கச்சேரி இன்னும் கஷ்டம். தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் போதும். தனிக் கச்சேரியில் பாக், பீத்தோவன், ஷோப்பன் என ஒரு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் தாளைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். அங்கே வேகத்தைவிட, ஒரு ஸ்வரத்தை எவ்வளவு மென்மையாகத் தொடுகிறோம் என்பதுதான் பேசும்.

ஜெயிச்ச பிறகு?

சின்ன வயதில் பெரிய பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம்தான் பரீட்சை. 'இதைவிட வேகமா வாசி' என்றுதான் கூட்டம் கேட்கும். லிடியன் அந்தப் பக்கம் போகவில்லை. இளையராஜாவிடம் மாணவராகச் சேர்ந்தார். மோகன்லால் இயக்கி 2024 டிசம்பரில் வெளியான 'பரோஸ்' படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தார். உலகமே கைதட்டிய பிறகும் ஒரு குருவின் முன் போய் உட்கார்ந்ததுதான் அந்தப் பரிசைவிடப் பெரிய விஷயம்.

பெற்றோர் கவனத்துக்கு...

பிள்ளை பியானோ கேட்டால் லட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால், சாதாரண கீபோர்டில் கட்டைகள் லேசாக இருக்கும். விரலுக்குப் பலம் வராது. அழுத்தினால் கனம் தெரியும் 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ நல்லது. டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம் தேர்வுகளில் 8 கிரேடுகள் உண்டு. சான்றிதழுக்காக ஓட்டாமல், ஒவ்வொன்றையும் நிதானமாகத் தாண்டவிடுங்கள். வேகம் தானாக வரும்!