தகவல் துளி: ஒரு குதிரை, மூன்று சோதனை

பிரிட்டிஷ் காலத்தில் ராணுவத்துக்கான ஆஸ்திரேலியக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கரைகளில் நம் சென்னையும் ஒன்று. 

ராணுவக் குதிரைப் படைகளின் பயிற்சியிலிருந்து பிறந்த விளையாட்டு ‘ஈவென்டிங்’. 1912 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஒரே குதிரை மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதலில் டிரெஸ்ஸாஜ்: சொன்னபடி அடியெடுத்து நடக்கும் ஒழுங்கு. அடுத்து கிராஸ் கன்ட்ரி: மரக்கட்டை, பள்ளம், நீர்நிலை என்று எதையும் தாண்டி ஓட வேண்டும். குதிரைக்கு உண்மையான நெஞ்சுரம் வேண்டிய இடம் இதுதான். அதன் பிறகு கால்நடை மருத்துவர் முன்னால் குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டும். லேசாக நொண்டினாலும் ஆட்டம் முடிந்தது. கடைசியில் தடை தாண்டுதல். ஒரு கம்பு விழுந்தால் 4 தண்டப்புள்ளி. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிப் பிரிவு கிடையாது.

இந்த விளையாட்டில் இந்தியாவுக்காகக் களமிறங்கிய ஃபவாத் மிர்சா, பெங்களூரில் கால்நடை மருத்துவரின் மகனாகப் பிறந்து, சிறு வயதிலேயே குதிரையேறி, பின்னர் ஜெர்மனியில் பயிற்சி பெற்றவர். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில், 26 வயதில், தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் வென்றார். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் வந்து அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன! டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் 25 பேருக்கான இறுதிச் சுற்றை எட்டி, 23ஆம் இடம் பிடித்தார். இரண்டு போட்டிகளிலும் அவரைச் சுமந்தது ஒரே குதிரை, சென்யோர் மெடிகாட்.