ராடு ஈரம் குடித்தால் இரும்பு பிளக்கும்… தெரியுமா?

தகடூரை ஆண்ட அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று தொண்டைமானிடம் ஔவையார் பெருமையாகச் சொன்னது புறநானூற்றின் 95-ஆம் பாடல். அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி! தேய்ந்த கொழுவும் ஜேசிபி பல்லும் இங்கே இன்றும் பட்டறைக்குத்தான் வருகின்றன. அவற்றுக்கு உயிர் கொடுக்கும் வெல்டிங் ராடுக்குள் எத்தனை அதிசயம்!

● 7018 ராடின் எண்ணிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது, தெரியுமா? 70 என்றால் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும். 1 என்றால் படுக்கை, செங்குத்து, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் வைக்கலாம். 8 என்றால் ஹைட்ரஜன் குறைந்த பூச்சு!

● அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். வெல்டிங் சூட்டில் ஈரம் பிரிந்து, ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். இன்று பளபளக்கும் வெல்டிங், ஒன்றிரண்டு நாள் கழித்துத் தானாக வெடிக்கலாம்!

● வெயிலில் காயவைத்தால் போதுமா? போதாது! ஈரமேறிய 7018-ஐ 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு 100 டிகிரிக்கு மேலான ஓவனில் வைக்க வேண்டும். டப்பாவில் கம்பெனி அச்சிட்டிருக்கும் அளவே முடிவானது. ஆனால் 6010 ராடு நேர் எதிர்: அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், சுட்டால் கெட்டுவிடும்!

● கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தகட்டில் காந்தம் ஒட்டாது, பார்த்திருக்கிறீர்களா? அது மாங்கனீஸ் எஃகு! 1882-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்தது. அடிக்க அடிக்க இறுகும். அதிகம் சூடேறினால் நொறுங்கும். அதற்கு மாங்கனீஸ் ராடை, சூடேறவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும்.

● மண்ணில் உரசித் தேயும் கொழுவுக்குக் குரோமியம் கார்பைடு ராடு. வைத்ததும் குறுக்கே மயிரிழை விரிசல்கள் விழும். பதறாதீர்கள்! இறுக்கம் தளர்வதற்காக விழுபவை அவை.

● பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. கரும்பு வழுக்காமல் பிடிபட ஆலை உருளைப் பற்களில் வெல்டிங் பொட்டுகள் வைப்பார்கள். உருளை சுழலும்போதே, சாறு வழியும்போதே வைப்பதும் உண்டு!

பட்டறைக்குப் போனால் இரண்டே கேள்வி: இந்த இரும்பு தேய்வது உரசலிலா, அடியிலா? ராடு காய்ந்ததா? இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால், பழைய கொழு புதுக் கொழுவையே மிஞ்சி உழைக்கும்!