பங்குனி, சித்திரை மழை: வானிலை அறிக்கையைப் பயன்படுத்துவது எப்படி?

மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் வேலை கூடிய காலம். பெரும்போக நெல்லைக் காயவைத்து மூட்டை கட்ட வேண்டும். வீட்டுத்திட்டத்தின் அடுத்த தவணைப் பணம் கிடைப்பதற்கு முன்னர் சுவரைக் குறித்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். அதுவரை குடும்பம் தறப்பாளின் கீழோ தகரக் கொட்டிலிலோதான் இருக்கிறது.

மார்கழி மழைக்கு எல்லோரும் ஆயத்தமாகிறோம். பங்குனி, சித்திரை மழையை அப்படி எண்ணுவதில்லை. வடக்கில் இக்காலத்தின் மொத்த மழை குறைவுதான். ஆனால் அது ஒரு மணித்தியாலத்துக்குள் கொட்டித் தீர்க்கக்கூடிய மழை. இடி, மின்னல், திடீர்க் காற்று ஆகியவற்றோடு வருவது. நாளாந்த வானிலை அறிக்கையைச் சரியாக விளங்கிக்கொண்டால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம்.

இது எந்தக் காலம்?

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்கு மழைக்காலங்களாகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சி. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி.

இப்போது வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது. சோளகம் இன்னும் தொடங்கவில்லை. காற்று பலவீனமாகவும் திசை மாறியும் வீசுகிறது. ஏப்ரல் 5ஆம் திகதியளவில் நாட்டின் தென்முனையில் உச்சி கொடுக்கும் சூரியன், ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேலே வந்துவிடுகிறது. இக்காலத்தில் இரண்டு வகையான மழையை எதிர்பார்க்கலாம்.

முதலாவது, பிற்பகல் இடிமழை. காலையில் வானம் தெளிவாக இருக்கும். நண்பகல் வெயிலில் தரை சூடாகும். இரு கரைகளிலுமிருந்து வரும் கடற்காற்று உள்நிலத்தில் சந்திக்கும்போது, ஈரக்காற்று விரைவாக மேலெழுந்து கருமுகிலாகத் திரளும். இந்த மழை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகே பெய்யும். ஒரு முகிற்கூட்டம் சில கிலோமீற்றர் பரப்பை மட்டுமே நனைக்கும். விசுவமடுவில் கொட்டும் மழை புதுக்குடியிருப்பில் ஒரு துளியும் விழாமல் நின்றுவிடலாம்.

இரண்டாவது, குளிரோடு வரும் மப்பு மழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால், இரண்டு மூன்று நாட்களுக்கு வானம் மூடியிருக்கும். வெயில் தெரியாது, பகலும் குளிரும், மழை விட்டுவிட்டுப் பெய்யும். இது அடிக்கடி நிகழ்வதல்ல. ஆயினும் 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் இலங்கைக்குக் கிழக்கே அவ்வாறான ஒரு தாழமுக்கம் உருவாகியது. இப்படியான நாட்களில் 2 மணிக்கு முன்னர் மழை வராது என்று எண்ணியிருக்க முடியாது.

அறிக்கையில் வரும் சொற்கள்

"சில இடங்களில்": வடக்கு மாகாணம் என்பது ஐந்து மாவட்டங்கள். அதற்குள் எந்தக் கிராமத்தில் பெய்யும் என்று முன்கூட்டியே கூற முடியாததாலேயே இச்சொல் பயன்படுத்தப்படுகிறது. உங்கள் ஊரும் அந்தச் சில இடங்களில் ஒன்றாக இருக்கலாம். நேற்று அறிக்கை சொல்லியும் மழை பெய்யவில்லை என்பதற்காக இன்றைய அறிக்கையை ஒதுக்கிவிடாதீர்கள்.

"பிற்பகலில் அல்லது இரவில் இடியுடன் கூடிய மழை": இது முதலாவது வகை. வெளிவேலைகளைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

"தாழமுக்கம்", "அவ்வப்போது மழை": இது இரண்டாவது வகை. நெல்லை வெளியே பரப்ப வேண்டாம். கொங்கிறீற்று இடும் வேலையைப் பிற்போடுங்கள்.

"50 மி.மீ. மழை": 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லீற்றர் தண்ணீர். 18 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட கூரையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீற்றர். 50 மி.மீ. மழை பெய்தால் அதன்மீது 1,000 லீற்றர், அதாவது ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி அளவு நீர் விழுகிறது.

"தற்காலிகமாகப் பலத்த காற்று": இடிமழையின்போது கடலில் காற்று மணிக்கு 70 - 80 கி.மீ. வரை உயரலாம். கடற்றொழிலுக்குச் செல்பவர்கள் கடற் பிராந்தியங்களுக்கான தனி அறிக்கையையும் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியவை

கூரை: தறப்பாளைத் தொய்வின்றிச் சரிவாகக் கட்டுங்கள். ஒரு சதுர மீற்றர் அளவில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் தேங்கினால் அதன் நிறை 100 கிலோ, தடி முறியும். தகரங்களின் ஆணிகளையும் கட்டுக்கம்பிகளையும் சரிபாருங்கள். கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டிவிடுங்கள். சீமெந்துப் பைகளையும் நெல் மூட்டைகளையும் தரையில் வைக்காது பலகைமீது அடுக்கி மூடுங்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் இட்டு உயரத்தில் வையுங்கள்.

மின்னல்: மின்னலைக் கண்டு 30 வினாடிகளுக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது, உடனே உள்ளே செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழிந்த பின்னரே வெளியே வாருங்கள். வயல்வெளி, குளக்கட்டு, தனித்து நிற்கும் பனை அல்லது மரத்தின் கீழ் நிற்க வேண்டாம். மண்வெட்டி, சைக்கிள், முட்கம்பி வேலி ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். தகரக் கொட்டில் மின்னலுக்குப் பாதுகாப்பான இடமல்ல. அருகிலுள்ள பாடசாலை, பொதுநோக்கு மண்டபம், கட்டிமுடித்த கல்வீடு ஆகியவற்றில் எங்கே செல்வது என்பதை இன்றே அயலவருடன் பேசித் தீர்மானியுங்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. அவரைத் தொடலாம், மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

மிதிவெடி: பலத்த மழை மேல்மண்ணை அரித்து, புதைந்திருக்கும் வெடிபொருட்களை வெளியே கொண்டுவரலாம், வெள்ளம் அவற்றை வேறிடத்துக்கு இழுத்தும் செல்லலாம். எச்சரிக்கைப் பலகைகளும் சாயலாம், அடித்துச் செல்லப்படலாம். நேற்றுவரை நடந்த பாதையானாலும், மழைக்குப் பின் வாய்க்கால் ஓரங்களிலும் அணைக்கட்டுகளிலும் கவனமாக இருங்கள். விறகு பொறுக்கவும் இரும்பு சேர்க்கவும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ உடனே அறிவியுங்கள்.

தண்ணீர்: வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவித்துக் குளோரீன் இடும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். மற்றக் கிணற்று நீரையும் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே சிரட்டை, ரயர், தறப்பாள் மடிப்புகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது ஊற்றிவிடுங்கள்.

தகவலை எங்கே பெறலாம்?

வானிலை அறிக்கை ஒரு நாளில் பல தடவைகள் புதுப்பிக்கப்படுகிறது. காலை வானொலிச் செய்தியில் ஒருமுறையும், வேலைக்கு வெளியே செல்லுமுன் இன்னொரு முறையும் கேளுங்கள். அனர்த்தம் பற்றி அறிவிப்பதற்கும் உதவி கோருவதற்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைக்கலாம். உங்கள் பகுதியில் வானொலியோ தொலைபேசியோ இல்லாத முதியவர்கள், தனியாக வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இருந்தால், அன்றைய அறிக்கையை அவர்களுக்கு யார் சென்று சொல்வது என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பெயர் குறித்து முடிவு செய்யுங்கள்.