சனிக்கிழமை மலையும் சூரைச்செடியும்



கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன் சைக்கிள் ஓட்டத்தில் வாஞ்சையுள்ளவனாயிருந்தால், அவனுடைய வாரம் உங்களுக்குப் புதிராகவே இருக்கும். சனிக்கிழமை காலையில் பாடிக்கொண்டே வீடு திரும்புகிறவன், ஞாயிறு ஆராதனையில் கைகளை உயர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறான். திங்கட்கிழமை இரவு வேதத்தைத் திறந்து வைத்தபடியே உறங்கிவிடுகிறான். புதன்கிழமை மறுபடியும் உற்சாகம். "பிள்ளை பின்மாற்றத்தில் போகிறானோ?" என்று தாய் கலங்குகிறாள். "சைக்கிளை விற்றுவிடு" என்று தகப்பன் தீர்ப்புச் சொல்லுகிறார். தீர்ப்புக்கு முன்பாக, அவன் சரீரத்தில் நடப்பது என்னவென்று சற்றுக் கவனியுங்கள்.

புனே நகரத்தை எடுத்துக்கொள்வோம். கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் நம் ஜனங்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அந்நகரத்தில் சைக்கிள் ஓட்டும் மாணவர்களுக்குச் சனிக்கிழமை விடியற்காலை என்றாலே சிங்ககட் கோட்டைதான். கடக்வாஸ்லா அணையைக் கடந்து மலையடிவாரம் வரையில் பாதை எளிது. அதன்பின் சுமார் 8 அல்லது 9 கிலோமீட்டர் கடும் ஏற்றம். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டையோ 1,300 மீட்டர். கட்கியிலிருந்து போய்த் திரும்பினால் 60 கிலோமீட்டருக்கும் அதிகம்.

உச்சியை அடைந்தவனுக்கு உண்டாகும் களிப்பு மெய்யானது. ஆனால் அது அபிஷேகம் அல்ல. வாலிபர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்ட கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து, இரண்டு மணி நேரக் கடும் உழைப்பில் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. நன்றாய்ப் புசித்தாலும் அது மீண்டும் நிரம்புவதற்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் செல்லும். பழகாத உழைப்பினால் வரும் தசைவலியோ 24 முதல் 72 மணி நேரத்திற்குள்தான் உச்சமடையும். இதோடு, நள்ளிரவு வரை படித்துவிட்டு நாலரை மணிக்கு எழுந்த தூக்கக் கடனையும் கூட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் சோர்ந்திருப்பதற்குப் பிசாசைத் தேட வேண்டியதில்லை.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேலில் அக்கினி இறங்கியது, மழையும் வந்தது. அவர் ஆகாபுக்கு முன்பாக யெஸ்ரயேல் மட்டும் ஓடினார். அது 25 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். யேசபேலின் மிரட்டலுக்குப்பின் அதே மனிதன் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ், தன் பிராணன் போனால் போதும் என்று படுத்துவிட்டார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கம் பண்ணவும் இல்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டு, இரண்டாந்தரம் எழுப்பிப் புசிக்கச் சொன்னான். தேவனுடைய கேள்வி அதற்கும் வெகுநாள் கழித்து ஓரேபில்தான் வந்தது. நம்மில் அநேகர் அடையைக் கொடுக்குமுன்னே கேள்வியைக் கேட்டுவிடுகிறோம்.

நம் சபைகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. பகல் முழுவதும் உபவாசித்து, இரவில் சிறிது புசித்து, மறுநாள் விடியற்காலையில் மலையேறுகிற மாணவன் பாதி வழியிலேயே கைகால் நடுங்கி நின்றுவிடுவான். இறக்கத்தில் மயக்கம் வந்தாலோ ஆபத்து. சைக்கிளைத் தொடாத ஒரு நாளில் அவன் உபவாசிக்கட்டும். மூப்பர்கள் சிலர் இதில் என்னோடு இணங்கமாட்டார்கள் என்பதை அறிவேன். அவர்களில் ஒருவரும் சிங்ககட்டில் சைக்கிள் மிதித்தவர் அல்லர்.

ஆகிலும், எல்லாச் சோர்வும் மலையினால் வருவதல்ல. இரண்டு வாரம் ஆகாரமும் ஓய்வும் கிடைத்தும் அவன் எழும்பாவிட்டால், சைக்கிளையும் நண்பர்களையும் வெறுத்தால், சாவைக்குறித்துப் பேசினால், தாமதம் செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தச்சோகை உண்டா என்று பார்க்கட்டும். மனநல மருத்துவர் தேவையென்றால் வெட்கப்படாதீர்கள். அவன் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று பகைக்கிறதில்லை.

மற்றபடி, வருகிற சனிக்கிழமை அவன் படியேறி வரும்போது சோறும் பருப்பும் முட்டையும் ஆயத்தமாயிருக்கட்டும். மத்தியானம் அவன் உறங்கினால் எழுப்பாதீர்கள். இரவு பத்து மணிக்குள் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் அவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று அதன் பிறகு பாருங்கள்.