வாய்க்குள் போகும் கண்ணாடி

பல் மருத்துவர் முதலில் கையில் எடுப்பது வாய்க்கண்ணாடி. 22 அல்லது 24 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சிறு வட்டம், அதற்கொரு காம்பு. மேல் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தை இது இல்லாமல் பார்க்க முடியாது. விளக்கொளியை இருண்ட மூலைக்குத் திருப்புவதும், கன்னத்தையும் நாக்கையும் ஒதுக்கிப் பிடிப்பதும் இதன் வேலைதான்.

வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்புறம் இருக்கும். வாய்க்கண்ணாடியையும் அப்படியே செய்தால் ஒரு பல் இரண்டாகத் தெரியும். வரும் ஒளியில் சிறு பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது; மீதி உள்ளே போய்ப் பூச்சில் பட்டு மீள்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியை 45 பாகை சாய்த்துப் பார்த்தால், இரண்டு பிம்பங்களும் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் விலகி நிற்கும். முகச்சவரத்துக்கு அது ஒரு பொருட்டல்ல; பல்லில் அந்த அளவுக்குள் ஒரு சொத்தையே ஒளிந்திருக்கலாம்.

அதனால் பூச்சை மேற்பரப்புக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே இருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்பதால் ரோடியம் என்ற உலோகத்தைப் பூசினார்கள். வெள்ளியின் அளவுக்குப் பளபளப்பு அதில் இல்லை. ஆனால் அது கடினமானது, கறுக்காது, நீராவிக் கிருமிநீக்கத்தையும் தாங்கும். பூச்சு எந்தப் பக்கம் என்று சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு காகித முனையைக் கண்ணாடியில் வைத்தால் முனையும் பிம்பமும் ஒட்டி நிற்க வேண்டும். நடுவே இடைவெளி தெரிந்தால் பூச்சு பின்புறம் இருக்கிறது என்று பொருள்.

அடுத்த தொல்லை ஆவி. ஏர்கோன் பஸ்ஸிலிருந்து மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங் வெயிலில் இறங்கியவுடன் மூக்குக்கண்ணாடி மங்குவது போலத்தான் இதுவும். குளிர்ந்த கண்ணாடியில் ஈர மூச்சு படிகிறது. ஆகவே பல் பரிசோதனை நடக்கும் புழுக்கமான பள்ளி மண்டபத்தைவிடக் குளிரூட்டிய கிளினிக்கில்தான் இது அதிகம் மங்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்தாலோ கன்னத்தின் உட்புறத்தில் சற்றே வைத்தெடுத்தாலோ தெளிந்துவிடும். ஆவியோடு தொல்லை முடியவில்லை. 1957இல் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய காற்றுச்சுழல் துரப்பணம் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் முறை சுழன்று அதிர்வைக் குறைத்தது. கூடவே கண்ணாடியில் நீர்த்தெறிப்பையும் கொண்டுவந்தது.

பிடியும் மாறிவருகிறது. பல் சுத்தம் செய்யும் கருவிகளை வைத்துக் கலிஃபோர்னியாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் உள்ள பிடிதான் கைத்தசையை மிகக் குறைவாக வருத்தியது. களைத்த கை அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தம் நோயாளியின் ஈறில் போய் முடியும். பல்லைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக் கம்பியும் மாறிவருகிறது. முனையில் 0.5 மில்லிமீட்டர் உருண்டை உள்ள கம்பி, கூர்முனைபோல் குத்தாது. தொடக்கநிலைச் சொத்தையைக் கிளறிப் பெரிதாக்கவும் செய்யாது.

இன்றைய மலேசியாவில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்கு 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பள்ளி பள்ளியாகக் கருவிப்பெட்டியைச் சுமந்து போகும் சேவைக்கு, விலை குறைந்த இந்தக் கண்ணாடிதான் முதல் துணை. புது நாற்காலிக்கும் திரைக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள் கூட, கீறல் விழுந்த கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கூர்க்கருவிகளோடு ஒரே தட்டில் போட்டுக் கழுவுவதாலேயே பல கீறல்கள் விழுகின்றன. மங்கிய கண்ணாடியோடு வேலை செய்பவர் உதட்டை இன்னும் இழுப்பார். நோயாளி இன்னும் நேரம் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கண்ணாடித் தலையைத் தனியே கழற்றி மாற்றலாம். கீறல் விழுந்ததும் கிளினிக்குகள் மாற்றிவிட வேண்டும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: மூக்கால் மூச்சு விடுங்கள்.