ஐந்து லட்சத்தில் ஒரு படி

செகந்திராபாத்தில் என் எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண் இண்டர் படிக்கிறாள், தெலுங்கு மீடியம். "மாமா, எடம அவதி, குடி அவதி என்று ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதாதா?" என்று புத்தகத்தோடு வந்து நின்றாள். கணிதத்தில் நாம் எல்லை என்பதைத் தெலுங்கில் அவதி என்கிறார்கள். நம் காதுக்குப் பொருத்தமான பெயர்தான்!

மெட்ரிக்குலேஷனோடு நின்றவன் நான். ஆயினும் ஆபீசில் சம்பள பில் போடுகிறவன் என்பதால் வருமான வரியைக் கொண்டே சொன்னேன்.

2025-26 நிதியாண்டின் பழைய வரித்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுக்குட்பட்டவர், கழிவுகள் போக நிற்கும் வருமானம் ஐந்து லட்சத்தை நெருங்குகிறது. 4,99,000, 4,99,900, 4,99,990. எல்லாவற்றிற்கும், தள்ளுபடி போக, வரி பூஜ்யம். இடப்பக்க எல்லை பூஜ்யம். இனி மேலிருந்து இறங்கி வாருங்கள். செஸ் நீங்கலாக 5,01,000-க்கு வரி ரூ.12,700, 5,00,100-க்கு ரூ.12,520, 5,00,010-க்கு ரூ.12,502. வலப்பக்க எல்லை 12,500. இரண்டும் ஒன்றாகவில்லை. ஆகவே அந்த இடத்தில் எல்லை என்பதே கிடையாது. சரியாக ஐந்து லட்சத்தில் வரி பூஜ்யம்தானே என்றால், எல்லை அதைக் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதே அதன் கேள்வி.

பத்து ரூபாய் கூடினால் பன்னிரண்டாயிரம் போகிறது! ஒரு நாள் ஓவர்டைம் போதும். வாசகர்கள் பிப்ரவரியிலேயே கணக்குப் பார்ப்பது நல்லது. 80-சி பிரிவில் இன்னும் இடமிருந்தால், மார்ச் 31-க்குள் சேமநிதியில் ஒரு சிறு தொகை போட்டு இப்பக்கம் வந்துவிடலாம்.

புதிய திட்டத்தில் பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லை. அங்கும் இதே படி, அறுபதாயிரம் உயரத்துக்கு நின்றிருக்கும். மார்ஜினல் ரிலீஃப் என்ற விதி அதைச் சரிவாக்கிவிட்டது: பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் கூடிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது. 12,10,000-க்கு ஸ்லாப்படி ரூ.61,500, கட்டவேண்டியதோ 10,000. 12,00,100-க்கு வெறும் நூறு. வலமிருந்து வந்தாலும் பூஜ்யம், இடமிருந்து வந்தாலும் பூஜ்யம். எல்லை உண்டு. இந்தச் சலுகை சுமார் 12,70,588 வரை நீடிக்கிறது.

"அப்போ ஐந்து லட்சத்துக்கு ஏன் மாமா இதைச் செய்யலே?" என்றாள்.

அதற்குப் பதில் அவள் பாடப் புத்தகத்தில் இல்லை. என் சுற்றறிக்கைக் கோப்பிலும் இல்லை.